பெர்னாண்டோ: ஒரு பெயரும் பல குடிகளும்

இலங்கையின் மேற்குக் கரையோரமாகப் புத்தளத்திலிருந்து பாணந்துறை வரை செல்லும் ஒருவர், பெர்னாண்டோ என்ற பெயரைக் காணாமல் ஓர் ஊரையேனும் கடத்தல் அரிது. சிலாபத்து மீன்வாடியிலும், நீர்கொழும்புத் தேவாலயக் கல்லறையிலும், மொறட்டுவைத் தச்சுப் பட்டறையிலும், கொழும்புச் சட்டத்தரணியின் பெயர்ப்பலகையிலும் அப்பெயரே காணப்படும். மன்னார்க் கடலைத் தாண்டித் தூத்துக்குடிக்குச் சென்றால் அங்கும் பர்னாந்து என அது நம்மை எதிர்கொள்ளும். மேலும் வடக்கே கோவாவிற் சற்றே வேறுபட்டுப் பெர்னாண்டஸ் என ஒலிக்கும். ஒரே பெயரைத் தாங்கிய இவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தின் கிளைகள்தாமா? அல்லரெனின், இப்பெயர் இவர்களை எவ்வாறு வந்தடைந்தது?

இவ்வினாவுக்கு நம்மிடையே வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. முதலாவது, இவர்கள் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என்பது. ஏளனமாகக் கூறுவோரும் உளர். பெருமையாகக் கூறிக்கொள்வோரும் உளர். இரண்டாவது, இவர்கள் பழைய சத்திரிய குலத்தவர், அந்நியப் பெயர் வெறும் மேற்போர்வையே என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சாதிச் சர்ச்சைகளில் இவ்வாறான குலப்பெருமையை நிலைநாட்டத் துண்டுப் பிரசுரங்கள் பல வெளிவந்தன. இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒரே தவறையே செய்கின்றன. ஒரு பெயரைக் கண்டவுடன் அதற்குப் பின்னால் ஒரு குருதியைத் தேடுகின்றன. குடிப்பெயர் சரித்திரச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குருதிக்குச் சான்றன்று. யார் ஆண்டனர், யார் உழைத்தனர், யார் எழுதினர், யாருடைய பெயர் எழுதப்பட்டது என்பவற்றுக்கே அது சான்று. இதனை விளக்குவதே நமது நோக்கம்.

முதலில் இப்பெயரின் பிறப்பிடத்தை நோக்குவோம். பெர்னாண்டோ என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்ததன்று. ஐபீரியத் தீபகற்பத்தை ஒருகாலத்தில் ஆண்ட விசிக்கோத்தியர் என்னும் செருமானிய இனத்தாரின் ஆட்பெயர் அது. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், என்றிக்கேயின் மகன் என்றிக்கஸ் என அமைவது அந்நாட்டு வழக்கம். நமது நாட்டிலே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்வது போன்றதே இதுவும். இடைக்காலத்தின் பிற்பகுதியிலே இவை தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் நிலைத்துக் குடிப்பெயர்களாயின. ஆகவே போர்த்துக்கல் நாட்டிலேயே பெர்னாண்டஸ் என்போர் எல்லோரும் ஒரு குடும்பத்தினர் அல்லர். பெர்னாண்டோ என்ற பெயருடைய தந்தையர் எத்தனை பேரோ, அத்தனை குடும்பங்களுக்கு அது வாய்த்திருக்கலாம். பெரேரா என்பது பேரி மரத்தைக் குறிப்பது. சில்வா என்பது காட்டைக் குறிப்பது. காட்டருகே வாழ்ந்தோர் யாவரும் உறவினர் என்று எவரும் வாதிடமாட்டார்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 1497ஆம் ஆண்டிலே போர்த்துக்கல் மன்னன் முதலாம் மனுவேல் தன் நாட்டு யூதர்களை வலிந்து கிறித்தவராக்கினான். புதிய கிறித்தவர் என அழைக்கப்பட்ட அம்மக்கள், ஞானஸ்நானத்தின்போது நாட்டில் மிகப் பரவலாக வழங்கிய குடிப்பெயர்களையே பெற்றனர். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டதும் அதே ஆண்டிலேதான். பெயர் மாற்றத்தின் வழியே ஒரு மக்கட் கூட்டத்தைத் தன் பதிவுக்குள் கொண்டுவரும் முறையைப் போர்த்துக்கேய அரசு கீழைநாடுகளுக்கு வந்தபின் கண்டுபிடிக்கவில்லை. தன் சொந்த மண்ணிலேயே அதனைக் கையாண்டு பழகியிருந்தது.

தமிழ் மாணவர் நன்கறிந்த ஒருவர் இதற்கு எடுத்துக்காட்டு. புன்னைக்காயலிலே தங்கித் தமிழ் பயின்று, 1578இல் கொல்லத்திலே அச்சான தம்பிரான் வணக்கத்தைத் தமிழுக்குத் தந்த என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் அத்தகைய யூத வழிவந்த குடும்பத்திற் பிறந்தவர். அந்தப் பிறப்பின் காரணமாகவே பிரான்சிஸ்கன் சபையார் அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபை அவரை ஏற்றுக் கீழ்நாட்டுக்கு அனுப்பியது. முன்னோருக்கு ஞானஸ்நானத் தொட்டியிலே கிடைத்த பெயருடன் வந்த ஒருவர், முத்துக்குளித்துறையிலே, அதே வகையிற் பெயர் பெற்ற பரதவரிடையே தம் வாழ்நாளைக் கழித்தார். போர்த்துக்கேயக் குடிப்பெயரைத் தாங்கி வந்தவரிடத்திலேயே ‘தூய’ போர்த்துக்கேயக் குருதி இல்லையென்று அவர் நாட்டார் கருதினரெனின், அவரைச் சூழ்ந்திருந்த பரதவரிடம் அதனைத் தேடுவது எத்துணைப் பேதைமை!

இனி முத்துக்குளித்துறைக்கு வருவோம். கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரையுள்ள அக்கரையிலே வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய ஊர்களில் வாழ்ந்த பரதவர் 1536, 1537ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கராயினர். ஏறத்தாழ 20,000 பேர் என்பர். இவ்வளவு பெரிய மனமாற்றம் திருமறை உபதேசத்தினால் மட்டும் நிகழ்ந்ததாகக் கொள்வது கடினம். முத்துச் சலாபத்தின் உரிமை குறித்து அக்கரை முசிலிம் வணிகருக்கும் பரதவருக்கும் கடும் பகை மூண்டிருந்தது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் தூதனாக 1513இல் லிசுபன் சென்று கிறித்தவனாகித் திரும்பிய குதிரை வணிகன் யுவாங் த குரூஸ் என்பவன், போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெறுவதற்கு வழி ஞானஸ்நானமே என்று பரதவரின் தலைவர்களுக்கு எடுத்துக் கூறினான். பட்டங்கட்டிகள் எனப்பட்ட அத்தலைவர்கள் கொச்சி சென்று உடன்பாடு கண்டனர். பாதுகாப்புக்கு விலை மதம். மதத்துக்கு அடையாளம் பெயர். 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாம் கிறித்தவர் என்பதற்குமேல் இம்மக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தம் கடிதத்திலே குறிப்பிட்டார். போதனைக்கு முன்னரே பெயர் வந்துவிட்டது.

பெயர்கள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன? ஞானஸ்நானம் பெற்றவர் தம் ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கேயப் படைவீரன், கப்பல் மாலுமி, வணிகன், பாதிரியார் ஆகியோருள் ஒருவரது பெயரை ஏற்றனர். ஞானத்தந்தையாக நிற்கக்கூடியோர் சிலரே. ஞானஸ்நானம் பெற்றோரோ ஆயிரக்கணக்கானோர். ஒருசில குடிப்பெயர்கள் மிகப் பெருந்தொகையான மக்களிடையே பரவியதன் இரகசியம் இதுவே. பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, குரூஸ், கோமஸ், மென்டிஸ், டயஸ், பீரிஸ் என்னும் ஒரு சிறு பட்டியலுக்குள்ளே ஒரு கரையோரம் முழுவதும் அடங்கிப் போயிற்று.

இலங்கையிலும் இதுவே நடந்தது. 1556ஆம் ஆண்டிலே மேற்குக் கரையின் கரையார் எழுபதினாயிரம் பேர், தம் பட்டங்கட்டியின் தலைமையிலே ஞானஸ்நானம் பெற்றதாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பொன்று கூறும். பாதிரிமாரின் கணக்கிலே மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும் தலைவன் மாறக் கூட்டம் முழுவதும் மாறிற்று என்ற முறை தெளிவாகின்றது. அடுத்த ஆண்டிலே கோட்டை மன்னன் தர்மபாலனே கிறித்தவனாகி, போர்த்துக்கல் மன்னனின் பெயரைத் தழுவித் தொன் யுவாங் பெரியபண்டார ஆனான். 1580இல் அவன் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தான். அரசன் பெயரை மாற்றியபோது நாடு கைமாறிற்று. கரையோரத்து உழைப்பாளி பெயரை மாற்றியபோது அவனது ஊழியம் கைமாறிற்று.

பெயர் பெற்றவுடன் அடிபணிந்து விட்டனர் என்று கொள்வதும் பிழை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயருக்கு எதிராகப் பெருங் கிளர்ச்சி நடத்திய குருவிட்ட ராளையின் மறுபெயர் அந்தோனியோ பரெத்து. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியிலே ஆங்கிலேயரை எதிர்த்து நின்று, அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்ட வீரபுரன் அப்பு, மொறட்டுவையிற் பிறந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோவே. கடலுக்கு அப்பால், வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்து தூத்துக்குடியின் தாகந் தீர்த்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து. அந்நியப் பெயர் அந்நிய மனத்தை உண்டாக்கிவிடும் என்ற கருத்துக்கு இவர்களின் வாழ்க்கையே மறுப்பாகும்.

போர்த்துக்கேயர் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் இழந்தனர். அவர்கள் இட்ட பெயர்களும் அவர்களோடு மறைந்திருக்க வேண்டுமன்றோ? மறையவில்லை. அதற்குக் காரணம் ஒல்லாந்தரின் பதிவேடுகள். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்து, பாதிரிமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658இல் விளம்பரஞ் செய்தனர். ஆனால் கிறித்தவப் பெயரைத் தடைசெய்யவில்லை. மாறாக அதனைச் சட்டத்தின் அடிப்படையாக்கினர். ஞானஸ்நானமும் விவாகமும் ஊர்தோறும் அமைந்த பாடசாலைகளிலே பதியப்பட்டன. உத்தியோகம் பெறவும், விவாகம் செல்லுபடியாகவும், முதுசொம் பிள்ளைகளுக்குச் சேரவும் அப்பதிவு வேண்டப்பட்டது. வீட்டிலே புத்தரையோ சிவனையோ வணங்கியவரும் பாடசாலைப் பதிவுக்காகத் தம் பிள்ளைக்குக் கிறித்தவப் பெயர் ஒன்றை வாங்கிக்கொண்டனர். இன்று பௌத்தருள் எண்ணற்றோர் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா எனப் பெயர் தாங்குவதன் காரணம் இங்கேதான் உள்ளது.

பாடசாலைப் பதிவோடு ஒல்லாந்தர் நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே காணித் தோம்பு, தலைத் தோம்பு என இருவகைத் தோம்புகளைத் தயாரித்தனர். காணித் தோம்பிலே வயலும் தோட்டமும் மரங்களும் எழுதப்பட்டன. தலைத் தோம்பிலே குடும்பத் தலைவனின் பெயர், வீட்டிலுள்ளோர், அவர்களின் வயது, அவர்கள் செய்யக் கடமைப்பட்ட ஊழியம் என்பன எழுதப்பட்டன. கறுவாப்பட்டை உரிக்கும் சலாகம மக்களின் ஆண்பிள்ளைகள் சிறு பருவத்திலேயே கணக்கெடுக்கப்பட்டு, வயதுக்கேற்ற அளவு கறுவா கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் வழங்கும் டி சில்வா, மென்டிஸ், டி சொய்சா என்ற பெயர்கள் தோம்பிலே ஏறியது அவர்களின் குலத்தைப் போற்றுவதற்காக அன்று. எந்த மனிதனிடம் எவ்வளவு உழைப்பைப் பெறலாம் என்று கொம்பனியார் அறிந்துகொள்வதற்காகவே. நமது நாட்டிலே சாதாரண மனிதனின் பெயர் முதன்முதலாக ஒழுங்காக எழுதப்பட்டது அவனைச் சுரண்டுவதற்காகத்தான் என்பதைச் சரித்திரம் பயிலும் மாணவர் மறத்தலாகாது. அதே தோம்பு, சுரண்டப்பட்டவனின் வாழ்க்கைக்கு இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்றாகவும் விளங்குவது சரித்திரத்தின் முரண்.

அவ்வாறாயின் பெர்னாண்டோ என்னும் ஒருவரின் குடும்ப வரலாற்றை எங்கே தேடுவது? அப்பெயரிலே அன்று, அதற்கு முன்னால் நிற்கும் பெயரிலே. சிங்களக் குடும்பங்களிலே ‘கே’ என முடியும் இல்லப்பெயர் ஒன்று குடிப்பெயருக்கு முன்னே வரும். அதற்கு ‘இன்னாரது வீட்டைச் சேர்ந்தவர்’ என்பது பொருள். லியனகே எழுத்தர் வீடு. குருகே ஆசிரியர் வீடு. ஆச்சாரிகே கொல்லர் வீடு. ஹெட்டிகே செட்டி வீடு. கரையோரத்துப் பெர்னாண்டோக்களின் இல்லப்பெயர்களை நோக்குமிடத்துத் தமிழ் மாணவர் வியப்படைவர். பட்டபெந்திகே என்பதன் முற்பகுதி நாம் மேலே கண்ட பட்டங்கட்டியே. பட்டம் கட்டப்பெற்றவன் என்பதே இரு மொழியிலும் பொருள். மகாமரக்கலகே என்பதிலே நமது மரக்கலம் அப்படியே மிதந்து நிற்கின்றது. நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளில் வழங்கும் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிகிந்துகுலசூரிய என்பன குலப்பெயர்கள். இவற்றுள் குருகுலம் என்பது யாழ்ப்பாணத்துக் கரையாரும் தம்மைக் குறிக்க வழங்கிய பெயரே.

இக்குடிகள் காஞ்சி, காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து புத்தளத்து முக்குவரோடு போர் புரிய அழைத்துவரப்பட்டனர் என்று முக்கர ஹட்டன என்னும் ஏட்டுச்சுவடி கூறுகின்றது. அதனை எழுத்துக்கு எழுத்து சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் சிங்களம் பேசும் ஒரு சமூகம் தன் தோற்றத்தைக் கூறுமிடத்துத் தமிழ்க் கரைகளையே நினைவிற் கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கடல் இவர்களைப் பிரிக்கவில்லை. வலையும் வள்ளமும் காற்றும் அவர்களை இணைத்தன. அவ்விணைப்பு போர்த்துக்கேயர் தந்ததன்று. அவர்களுக்கு முன்னரே இருந்தது. பெர்னாண்டோ என்ற பொதுப்பெயர் அதன்மீது பின்னர் ஒட்டப்பட்ட முத்திரையே.

இங்கே ஒரு முக்கியமான உண்மை புலனாகின்றது. இல்லப்பெயர் சாதியைக் காட்டும். போர்த்துக்கேயப் பெயர் அதனை மறைக்கும். டி சில்வா என்றோ பெரேரா என்றோ ஒருவர் தம்மைக் கூறினால் அவர் கொவிகமவா, கராவவா, சலாகமவா என்பதை அப்பெயரைக் கொண்டு துணிய முடியாது. தாழ்த்தப்பட்ட குலத்தைக் காட்டும் இல்லப்பெயரை நீக்கிவிட்டதாகச் சிங்களப் பத்திரிகைகளிலே அறிவித்தல் கொடுப்போர் இருபதாம் நூற்றாண்டிலே பெருகினர். அந்நியன் தன் வசதிக்காக இட்ட பெயர், உள்நாட்டுச் சாதிக் கொடுமையிலிருந்து மறைந்துகொள்ளும் நிழலாகவும் பயன்பட்டது. நமது தேசியப் பெருமை பேசுவோர் அந்நியப் பெயரைக் கண்டு முகஞ் சுளிக்குமுன், தம் சொந்தப் பெயர்களால் மனிதனை அவமதித்த சமுதாயம் எது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இப்பெயர் வர்க்க வேறுபாட்டையும் மறைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சாராயக் குத்தகை, தோட்டச் செய்கை, காரீயச் சுரங்கம் என்பவற்றால் மேற்குக் கரையோரத்தவருட் சிலர் பெருஞ் செல்வர் ஆயினர். அதே பெயர், அதே தேவாலயம், சிலவேளை அதே இல்லப்பெயர் உடைய ஏனையோர் கட்டுமரத்தோடும் கரைவலையோடும் நின்றுவிட்டனர். குத்தகைக்காரர் பெர்னாண்டோவும் கரைவலை இழுக்கும் பெர்னாண்டோவும் ‘ஒரே குடும்பம்’ என்று கூறும்போது அதனால் நன்மை அடைபவர் யார் என்று கேட்பது தகும். வலையிழுப்பவனுக்குக் கிடைக்கும் பங்கு அக்குடும்ப உறவினால் ஒரு சதமேனும் கூடியதில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனைப் பிறர் கதையாக எண்ணி அமையலாகாது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கும் பெயரிட்டனர். ஒல்லாந்தர் காலத்து முதலியார்களின் பெயர்களிலே டொன் என்னும் அடைமொழி தாராளமாகக் காணப்படுகின்றது. ஆயினும் ஆங்கிலேயர் வந்தபின் மக்கள் பெருந்தொகையாகச் சைவத்துக்கு வெளிப்படையாகத் திரும்பியபோது அப்பெயர்கள் உதிர்ந்தன. தெற்கிலே நிலைத்த பெயர் வடக்கிலே உதிர்ந்தது ஏன்? தெற்கத்தவர் பற்றுக் குறைந்தவர், வடக்கத்தவர் பற்று மிகுந்தவர் என்று விடை கூறுதல் எளிது. ஆனால் அது விடையாகாது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இல்லப்பெயர் வழக்கம் தெற்கிலே இருந்தமையால் புதிய பெயர் அதன் பக்கத்திலே வேரூன்றியது. வடக்கிலோ மகனின் பெயரோடு சேர்வது தந்தையின் பெயர் மட்டுமே. பேரனிடம் அது போய்விடும். ஆகவே இரண்டு தலைமுறையிலே அந்நியப் பெயர் தானாக மறைந்தது. கத்தோலிக்கம் தொடர்ந்து நிலைத்த மன்னார் போன்ற பகுதிகளிலே குரூஸ், பீரிஸ் முதலிய பெயர்கள் தமிழரிடையே இன்றும் வழங்குவது இதனை வலியுறுத்தும்.

உதிர்ந்தபின்னும் இதே கதை வேறு உருவத்தில் மீண்டது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் தம் பாடசாலைகளிலே பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பித்தபோது, அமெரிக்காவிலுள்ள நன்கொடையாளர் பணம் அனுப்பினர். அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்கு இடப்பட்டது. பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய இருவருள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை, நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களிலே அமெரிக்கப் பெயர்கள் ஒட்டியிருப்பதைக் காண்க. அவர்கள் உடலிலே அமெரிக்கக் குருதி ஓடியதென எவரும் சொல்வதில்லை. மொறட்டுவைப் பெர்னாண்டோவுக்கு மட்டும் போர்த்துக்கேய முன்னோரைத் தேடுவானேன்?

இன்னும் ஒன்று. அந்நியன் இட்ட பெயரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம்மவரே நம்மவருக்கு இட அனுமதித்த பெயர்களைப் பற்றியும் பேசவேண்டும். கந்தசாமி, கந்தையா என்று பெயரிடும் உரிமை ஒரு சாராருக்கும், கந்தன், சின்னான் என்ற அளவோடு நின்றுவிட வேண்டுமென்ற கட்டாயம் இன்னொரு சாராருக்கும் என யாழ்ப்பாணச் சமுதாயம் வகுத்திருந்தது. பிள்ளை என்னும் விகுதி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டது. போர்த்துக்கேயப் பாதிரியார் பெயர் ஒன்றைக் கொடுத்து ஊழியம் பெற்றார். நமது வேளாளப் பிரபுக்களோ பெயரையும் கொடாமல் ஊழியம் பெற்றனர்.

குருதிக் கொள்கையின் பொய்மையை நீர்கொழும்பு, சிலாபக் கரைபோல் வேறெந்த இடமும் தெளிவாகக் காட்டாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அங்குள்ள மீனவக் குடும்பங்களிற் பல வீட்டிலே தமிழே பேசின. தமிழிலேயே செபம் சொல்லின. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறின. தாத்தா தமிழ் பேசினார். பேரன் சிங்களவன் எனப் பதியப்பட்டான். பெயர் அன்றும் பெர்னாண்டோ, இன்றும் பெர்னாண்டோ. 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு கட்டங்களை வகுத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிலோ தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதர் தனியொரு பிரிவாக எண்ணப்பட்டனர். ஒரே கடலிலிருந்து வந்தவர்கள், எந்த ஆண்டு, எந்த மொழிப் பாடசாலை, எந்தப் பதிவாளர் என்பதைப் பொறுத்து வெவ்வேறு இனத்தவர் ஆயினர். இன்ன இனத்தவன் என்ற பதிவே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உத்தியோகத்தையும், 1958இலும் 1983இலும் உயிரையுமே தீர்மானிப்பதாயிற்று. ஒரு மனிதனின் பெயரையும் பேச்சையும் கேட்டு அவனைக் கொல்வதா விடுவதா என்று கும்பல்கள் முடிவு செய்த நாட்டிலே, பெயருக்கும் குருதிக்கும் தொடர்பில்லை என்பது பண்டிதர் பொழுதுபோக்குக்கான ஆராய்ச்சி அன்று.

பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணியோரும் இருந்தனர். டொன் டேவிட் ஹேவாவிதாரண அநகாரிக தர்மபால ஆனார். சிங்கள நாவலாசிரியர் பெத்ரிக் டி சில்வா பியதாச சிறிசேன ஆனார். தமிழரிடையே தனிநாயகம் அடிகள், சேவியர் என்ற பெயரோடு தம் நெடுந்தீவு முன்னோர் ஒருவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அந்நிய ஆட்சியின்கீழ்க் குனிந்த மக்கள் நிமிர்வதன் அறிகுறி என்ற அளவில் இம்முயற்சிகளுக்கு மதிப்புண்டு. ஆயினும் இலங்கையிலே 1935இல் தோன்றிய முதலாவது இடதுசாரிக் கட்சியை நடத்திய என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தம் பெயரை மாற்றாமலே ஏகாதிபத்தியத்தை எதிர்த்தனர். கோவாவிலே பிராமணக் குடும்பத்திற் பிறந்து, 1687இல் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தரின் தடையை மீறி ஏழைக் கத்தோலிக்கருக்குப் பணிபுரிந்த யோசே வாஸ் முனிவரின் பெயரும் போர்த்துக்கேயப் பெயர்தான். பெயரைத் தூய்மையாக்குவோர் அடுத்த படியிலே குருதியைத் தூய்மையாக்கப் புறப்படுவதுண்டு. அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்நாடு அனுபவத்தால் அறிந்துள்ளது.

ஆகவே குடும்ப வரலாறு எழுத விரும்பும் மாணவருக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் குடிப்பெயரோடு தொடங்குங்கள். ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். அது எந்த ஆட்சியில், எந்தப் பதிவேட்டில், என்ன தேவைக்காக எழுதப்பட்டது எனக் கேளுங்கள். இல்லப்பெயரையும், காணி உறுதியையும், தேவாலயப் பதிவையும், தோம்பையும் ஒப்பு நோக்குங்கள். முதியோர் வாய்மொழியைக் கேட்டு எழுதிவையுங்கள். தொழிற்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு குடும்பம் தன் வலைக்கும் வள்ளத்துக்கும் இட்டு வழங்கும் பெயர்கள், அது தனக்கு இட்டுக்கொண்ட பெயரினும் உண்மையான சாட்சி கூறலாம். தேடலின் முடிவிலே ஓர் அரசனைக் காண்பீர்கள் என எதிர்பார்க்க வேண்டாம். முத்துக் குளித்தவரையும், கறுவா உரித்தவரையும், வலை இழுத்தவரையும், மரம் அறுத்தவரையும் காண்பீர்கள். அவர்களிற் பலர் இன்று நீங்கள் பேசாத மொழியைப் பேசியவர்களாகவும், வணங்காத தெய்வத்தை வணங்கியவர்களாகவும் இருக்கக்கூடும்.

பெர்னாண்டோ என்ற பெயரைத் தாங்குவோர் ஒரு குடும்பத்தினர் அல்லர். ஆனால் அவர்களிற் பெரும்பாலோருக்குப் பொதுவானது ஒன்றுண்டு. கடலோடு மல்லாடி உழைத்த முன்னோரும், அவ்வுழைப்பைத் தமக்காகப் பதிந்துகொண்ட ஆட்சிகளும் அவர்களுக்குப் பொதுவானவை. தூத்துக்குடியின் பர்னாந்துவும், நீர்கொழும்பின் தமிழ் பேசும் பெர்னாண்டோவும், மொறட்டுவையின் சிங்களம் பேசும் பெர்னாண்டோவும் அந்த உறவை அறிந்துகொள்வார்களாயின், இரு கரைகளிலும் இனப்பகை வளர்ப்போருக்கு அது நற்செய்தியாக இராது. அந்த அறிவைப் பரப்புவது பாடசாலைகளிலே சரித்திரம் கற்பிக்கும் நமது கடமையாகும்.